நீலத்திரைப் பட்டதாரிகள்

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி நிர்வாகங்களை யாரும் கஞ்சர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. கம்ப்யூட்டர் லேப் என்று வந்துவிட்டால் அள்ளிக் கொட்டுகிறார்கள். ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., சுவர் சுவராக ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு, ரிப்பன், சேர்மனின் துணைவியார், பொன்னாடைக்கென்றே வருகிற ஒரு முன்னாள் துணைவேந்தர். மறுநாள் காலை முதலாண்டு மாணவர்கள் வரிசையாக உள்ளே வருகிறார்கள். விண்டோஸ் 11 திறக்கிறது. ஒரு சின்னப் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். பளபளத்த திரை சட்டென்று நீலமாகி, அதில் மஞ்சள் எழுத்துகள் முளைக்கின்றன. டர்போ சி++, பதிப்பு 3.0. காப்புரிமை 1990, 1992, போர்லாண்ட் இன்டர்நேஷனல்.

'தளபதி'யும் 'குணா'வும் ஒரே தீபாவளிக்கு வந்து மோதிய 1991 காலத்துச் சரக்கு அது, நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கம்பைலர். அப்போது விண்டோஸ் 95 பிறக்கவில்லை. வி.எஸ்.என்.எல். நம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல்தான். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வெளியானதே 1998-ல். மொழிக்கு இலக்கணம் எழுதி முடிப்பதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட கம்பைலரை வைத்துக்கொண்டு அந்த மொழியின் இலக்கணத்தை நடத்துகிற துணிச்சல் வேறு எந்த நாட்டுக்கு வரும்?

போர்லாண்ட் கம்பெனி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? கம்பைலர் பிரிவை 2008-ல் எம்பார்காடெரோவுக்கு விற்றது. அடுத்த ஆண்டு மிச்சப் போர்லாண்டை மைக்ரோ ஃபோக்கஸ் வாங்கியது. அந்த மைக்ரோ ஃபோக்கஸை 2023-ல் ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியது. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் சேதி நம் துறைத் தலைவர்களின் காதுக்கு வந்து சேரவில்லை. துக்கம் விசாரிக்க வேண்டிய இடத்தில் இன்னமும் பரீட்சை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சாதனையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இன்றைய 64 பிட் விண்டோஸ், 16 பிட் நிரலைத் தொடவே தொடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு என்பதே கிடையாது. இந்த வெளியேற்றம் திடுதிப்பென்று நடக்கவும் இல்லை. விஸ்டா வந்தபோதே டர்போ சி-யைத் திறந்தால், 'இந்தக் கணினியில் முழுத்திரை கிடையாது, மூடிவிடு' என்று செய்தி வந்தது. சூடு சுரணை உள்ளவன் அன்றே மூடியிருப்பான். நம்மவர்கள் விஸ்டாவை மூடினார்கள். எக்ஸ்பி-யைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள். அந்த எக்ஸ்பி-யையும் 2014 ஏப்ரல் 8-ல் மைக்ரோசாஃப்ட் கைகழுவியதும், இனி வழியில்லை என்ற நேரத்தில் ஆபத்பாந்தவனாக வந்து சேர்ந்தது டாஸ்பாக்ஸ்.

டாஸ்பாக்ஸ் என்பது நெதர்லாந்துக்காரர்கள் இருவர் தொடங்கி 2002-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். பழைய டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஆட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதற்காக ஒரு பழைய கணினி முழுவதையும், பிராசஸர், விஜிஏ அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிறது. அருமையான வேலை. செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஏ பிளஸ் பிளஸ் தரச்சான்றைக் கேட்டிலேயே தொங்கவிட்ட ஒரு கல்லூரியின் கணினிக் கல்வி, விளையாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு பெட்டிக்குள் நடக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியுமா? கல்விக்கடன் கொடுத்த வங்கி மேனேஜருக்குத் தெரியுமா?

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். புதுப் பிராசஸர் நொடிக்கு 400 கோடித் துடிப்பு துடிக்கிறது. டாஸ்பாக்ஸ் பழைய நிரல்களுக்கென்று வைத்திருக்கும் தொடக்க வேகம் நொடிக்கு 30 லட்சம் கட்டளை. 16 ஜிபி ரேமில் அது கேட்டு வாங்குவது 16 எம்பி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. புதுச் சைக்கிள் வாங்கி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பிள்ளையை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று கைதட்டுகிறோம்.

வேகத்தைக் குறைப்பதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பழைய மென்பொருளுக்கு வேகம்தான் விஷம். டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள், தொடங்கும்போதே கணினியின் வேகத்தை ஒரு சுழற்சி ஓட்டி அளந்துகொள்ளும். 1990-களின் பிற்பகுதியில் வந்த வேகமான பிராசஸர்களில் அந்த எண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகி, வகுத்தல் நிரம்பி வழிந்து, 'ரன்டைம் எரர் 200' என்று செத்து விழுந்தன. விண்டோஸ் 95 ஏறத்தாழ 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசஸரில் எழுந்திருக்கவே முடியாமல் விழும். காரணம் அதே வகுத்தல் கணக்கு. வேகமாக ஓடினால் தண்டனை என்பது மென்பொருளில் பிழை. நம் கல்வியில் அதற்கு 'டிசிப்ளின்' என்று பெயர்.

புதுக் கணினி எதற்கு வாங்கினார்கள் என்பது இன்னொரு கூத்து. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். ஏழாம் தலைமுறைக்குக் கதவடைப்பு. அதில் ஒரு சில சில்லுகளுக்கு மட்டும் பின்வாசல் திறந்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று கோர் ஐ7, 7820எச்க்யூ என்று பெயர். என்ன விசேஷம் அதற்கு? மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் இருப்பது அந்தச் சில்லுதான். பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கெடுபிடி என்றார்கள். யாருடைய பாதுகாப்பு என்பதை அந்தப் பின்வாசலே சொல்லிவிட்டது. இப்படி ஒரு வியாபாரி போட்ட கெடுவுக்குப் பயந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான கணினிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புதிதாக வாங்கி இறக்கி, அதில் ஓட்டுவது 1991.

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தள்ளிவிட்ட பழைய கணினிகளிலேயே லினக்ஸ் ஓடும். ஜிசிசி கம்பைலர் ஓடும். அது 1987-ல் தொடங்கி இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருவது, சல்லிக்காசு கிடையாது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸையே உருவாக்கியது. எங்கே? சென்னையில். பழைய பெட்டி, புது மென்பொருள் என்று வைத்திருந்தால் செலவு சுழியம், கல்வி முழுசு. நம் மேதைகள் தலைகீழாக நின்று யோசித்து, புதுப் பெட்டி, பழைய மென்பொருள் என்று முடிவு செய்தார்கள். செலவு முழுசு, கல்வி சுழியம். கமிஷன் என்கிற வார்த்தையை நான் சொல்லவில்லை. நீங்கள் நினைத்தால் நான் பொறுப்பல்ல. கல்லூரியை ஆய்வு செய்ய வரும் குழுவோ பெட்டிகளை எண்ணுகிறது, பில்களைப் பார்க்கிறது, முந்திரி பக்கோடா சாப்பிடுகிறது. பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்ற கேள்விக்கு அதன் படிவத்தில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

முதல் வாரம் ஃபேக்டோரியல், ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் கணக்கு. ஏழு கொடுத்தால் 5,040. சபாஷ். எட்டு கொடுத்தால் 40,320 வர வேண்டும். திரையில் வருவது மைனஸ் 25,216. டர்போ சி-யில் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான், 32,767-ஐத் தாண்டினால் தலைகீழாகப் புரண்டு கழித்தலில் போய் விழும். ஏன் சார் மைனஸ் வருகிறது என்று கேட்கிற பையனுக்குக் கிடைக்கும் பதில்: "ரெக்கார்டுல அஞ்சுக்கு மட்டும் அவுட்புட் எழுதுப்பா." அந்தப் பதிலில் ஒரு விஞ்ஞானி செத்துப்போனான்.

அடுத்தது ஊழியர் சம்பளப் பட்டியல். மாதச் சம்பளம் 32,768 என்று கொடுத்துப் பாருங்கள், ஊழியர் கம்பெனிக்கு 32,768 ரூபாய் கடன்பட்டவராகிவிடுவார். இதைப் பிழை என்று முன்பெல்லாம் நினைத்தேன். இப்போது தீர்க்கதரிசனம் என்று படுகிறது. வளாகத் தேர்வில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தருவது வருடக்கணக்காக மூன்றரை லட்சத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 29 ஆயிரத்துச் சொச்சம். பதினாறு பிட்டுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. நம் பிள்ளைகள் அதற்கு மேல் வாங்க மாட்டார்கள் என்று போர்லாண்டுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

கோப்புக்குப் பெயர் வைத்தால் எட்டு எழுத்து. முத்துக்குமாரசாமி பாதி காணாமல் போவான். மவுஸ் டாஸ்பாக்ஸுக்குள் போனால் வெளியே வராது. கன்ட்ரோலோடு எஃப்10 அழுத்தி ஜாமீனில் எடுக்க வேண்டும். மூன்றாமாண்டில் கிராஃபிக்ஸ் லேப். அதே கணினியில் லட்சக்கணக்கான முக்கோணங்களை நிழலோடும் ஒளியோடும் வரையக்கூடிய சில்லு சும்மா உட்கார்ந்திருக்க, மாணவி 640-க்கு 480 என்ற கட்டத்தில் பதினாறு வண்ணத்தில் ஒரு குடிசையும் தென்னைமரமும் வரைகிறாள். பாதி நாள் அதுவும் வராது, 'பிஜிஐ எரர், கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு' என்று வரும். கோப்புறை வழி தவறாம். லேப் அசிஸ்டென்ட் வந்து சரிசெய்வார். அந்தக் கல்லூரியில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சம்பளமும் அவருக்குத்தான் குறைவு.

பரீட்சைக் கேள்விகள் தனிக் காவியம். ஐ-யின் மதிப்பு ஐந்து; ஐ++ கூட்டல் ++ஐ என்றால் விடை என்ன? ஒரே வரியில் ஒரே மாறியை இப்படி இரண்டு முறை மாற்றினால் விளைவு வரையறுக்கப்படவில்லை என்பது சி மொழித் தரம் சொல்லும் விடை. எந்தக் கம்பைலரும் எந்த எண்ணையும் காட்டலாம். ஆனால் நம் விடைக்குறிப்பில் ஓர் எண் இருக்கும். டர்போ சி என்ன காட்டியதோ அந்த எண். 'வரையறை இல்லை' என்று சரியாக எழுதிய பிள்ளைக்கு முட்டை. முப்பது வருடமாக ஒரு செத்த கம்பைலரின் மூச்சுத்திணறலை வேதவாக்காக மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்ற தலைமுறை, இன்று பேராசிரியராகி அதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கிறது.

செய்முறைத் தேர்வில் நடப்பது இப்படித்தான் இருக்கும்.

"என்னம்மா, புரோகிராம்ல கிளியர் ஸ்கிரீனைக் காணோம்?"

"சார், அது சி ஸ்டாண்டர்டுல இல்ல சார். வாய்டு மெயினும் தப்பு சார், இன்ட் மெயின்தான்."

"ஸ்டாண்டர்டா? நீ எந்த ஊரும்மா?"

"விருத்தாசலம் பக்கம் சார்."

"அங்கெல்லாம் ஸ்டாண்டர்டு பேசுறாங்களா? போய் கெட்ச் போட்டுட்டு வா."

மதிப்பெண் குறையும். எதிர்த்துப் பேசியதற்குத் தனியாகக் குறையும்.

சரி, இதற்கு உத்தரவிட்டது யார் என்று தேடிப் போனால் அதுதான் உலக அதிசயம். பாடத்திட்டத்தைப் புரட்டினால் 'சி கம்பைலர் உள்ள கணினிகள்' என்றுதான் இருக்கும். டர்போ என்ற சொல்லே இராது. துறைத் தலைவர் லேப் மேனுவலைக் காட்டுவார். மேனுவலோ போன வருட மேனுவலின் ஜெராக்ஸ், அது அதற்கும் முந்தியதன் ஜெராக்ஸ். ஆசிரியர், செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலைக் காட்டுவார்: "வர்றவர் ஒத்துக்க மாட்டாரு சார்." எக்ஸ்டர்னலோ பக்கத்துக் கல்லூரி ஆசிரியர், தன் கல்லூரியில் இவரைக் காட்டிப் பயந்துகொண்டிருப்பவர். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத, சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் புதிதாகப் படி என்று சொல்வது கொடுமைதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜிசிசி-யில் எட்டு ஃபேக்டோரியல் ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வறுமை அதைத் தடுக்கவில்லை.

இன்னொரு சிறப்பு. போர்லாண்ட் தன் பழைய கம்பைலர்கள் சிலவற்றைப் பிற்பாடு இலவசமாகக் கொடுத்தது. டர்போ சி 2.01, டர்போ சி++ 1.01. அந்தப் பட்டியலில் 3.0 இல்லை. ஆகவே லேப் முழுக்க ஓடுவது, யாரோ முகம் தெரியாதவர் டாஸ்பாக்ஸோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி இணையத்தில் போட்ட திருட்டுப் பிரதி. ஆன்டிவைரஸ் கத்தினால் ஆன்டிவைரஸை அணைக்கிறார்கள். இதே கல்லூரிதான் இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் காப்பி எத்தனை சதவீதம் என்று மெஷின் வைத்துப் பார்க்கிறது.

பழைய மென்பொருளை ஓட்டுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அணு ஆயுதப் படையின் செய்தித்தொடர்பு 2019 வரை எட்டு அங்குல ஃபிளாப்பியில் ஓடியது. ஜெர்மனியில் ரயில் ஓட்டுநர் அறைத் திரைகளுக்காக விண்டோஸ் 3.11 தெரிந்த ஆள் வேண்டும் என்று 2024-ல் விளம்பரம் வந்தது. அங்கே பின்னால் கோடிக்கணக்கில் பெறுமானமுள்ள இயந்திரம் இருக்கிறது, மாற்றினால் உயிருக்கு ஆபத்து, காத்திருக்கிறார்கள். நம் லேபில் பின்னால் என்ன இயந்திரம் இருக்கிறது? எந்த ரயில் கவிழ்ந்துவிடும்? கவிழப்போவது எதிரில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை மட்டும்தான்.

அந்தப் பிள்ளை முன்பு எங்கே இருந்தது தெரியுமா? தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் பைத்தான் சொல்லித்தருகிறது. கூரை ஒழுகும் அரசுப் பள்ளியில் பைத்தான் படித்துவிட்டு வருகிற பெண்ணை, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஏ.சி. அறையில் உட்காரவைத்து, 1991-க்கு அழைத்துப் போகிறார்கள். பின்னோக்கிப் போவதற்கு இவ்வளவு கட்டணம் வாங்கும் வண்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வசதியான வீட்டுப் பையனுக்கு இதில் நட்டமில்லை. அவனிடம் சொந்த லேப்டாப் இருக்கிறது, பெங்களூரில் அண்ணன் இருக்கிறான். லேபில் நீலத்திரை, அறையில் ஜிசிசி என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்து தப்பிவிடுவான். கல்லூரி சொல்வதை நம்புகிறவள் யார்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். தாலிச்சங்கிலி அடகுக்கடையில் இருக்க, சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நான்கு வருடம் நம்பியவள். வேலைக்கான ஆன்லைன் தேர்வில், லேபில் பழகிய முதல் வரியை அடிக்கிறாள். 'கோனியோ டாட் எச், அப்படி ஒரு கோப்பு இல்லை.' அடுத்த வரி. 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச், அப்படி ஒரு கோப்பு இல்லை.' கடிகாரம் ஓடுகிறது. தனக்குத்தான் அறிவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். அதுதான் பாவத்திலும் பெரும்பாவம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திறமை போதவில்லை' என்று அப்புறம் நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு போடுகிறார்கள். அதற்கும் நம் சேர்மன்தான் தலைமை.

கவுன்சிலிங்குக்கு முன்னால் கல்லூரி பார்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸைப் பார்க்காதீர்கள், கேன்டீனைப் பார்க்காதீர்கள், பிளேஸ்மென்ட் பேனரில் சிரிக்கிற முகங்களை எண்ணாதீர்கள். லேபைத் திறக்கச் சொல்லுங்கள். சி-யில் எட்டு ஃபேக்டோரியல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் வந்தால், அட்வான்ஸ் கட்டாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.